பார்க்க ஆளில்லையா? நீ காட்டினாயா?

2024 நவம்பர். அமெரிக்காவில் கேரம் உலகக்கோப்பை.

வடசென்னைப் பெண் காசிமா போனார். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். தனிநபர், இரட்டையர், குழு என்று மூன்று பிரிவிலும் தங்கம்!

செய்தி படித்தாய். ஸ்டேட்டஸ் வைத்தாய். தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு கொடுத்தபோது கைதட்டினாய்.

இப்போது நெஞ்சில் கை வைத்துச் சொல். அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு போர்டாவது பார்த்தாயா?

பார்த்திருக்க மாட்டாய். இத்தனைக்கும் நீ கேரம் ஆடுகிற ஆள். தினம் சாயங்காலம் விரலில் பவுடரோடு வீட்டுக்குப் போகிற ஆள். நீயே தேடிப் பார்க்காத ஆட்டத்தை ஊர் ஏன் பார்க்கும்?

"எங்கள் ஆட்டத்தை யார் கண்டுகொள்கிறார்கள்?" என்கிறாய். கேரம் ஆடுகிறவர் மட்டுமா? சிலம்பம் சுற்றுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். தஞ்சாவூரில் பிறந்ததாகச் சொல்லப்படும் பூப்பந்தை இன்னும் விடாமல் ஆடுகிறவரும் இதைத்தான் சொல்கிறார்.

டிவி வருவதில்லை. பேப்பரில் போடுவதில்லை. ஸ்பான்சர் கிடைப்பதில்லை. எல்லாம் கிரிக்கெட்டுக்கே போய்விடுகிறது.

உண்மை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதற்காக?

உன் கோச்சும் இதையே சொல்லிக் காத்திருந்தார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவரும் காத்திருந்தார். நம் சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது. அதற்குப் பிறகாவது டிவிக்காரர்கள் கேரம் கிளப் வாசலில் வண்டியை நிறுத்தினார்களா?

2018-இல் 'வட சென்னை' படம் வந்தது. கதாநாயகன் கேரம் ஆட்டக்காரன். தியேட்டரே ஸ்ட்ரைக்கர் சத்தத்துக்கு விசில் அடித்தது. படம் முடிந்து வெளியே வந்த ஒரு பையன், நிஜ ஆட்டம் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு ராத்திரி போனில் தேடியிருப்பான். உன் மாவட்டத்து இறுதி ஆட்டம் அவன் கண்ணில் பட்டிருக்குமா?

நீ போட்டிருந்தால்தானே படும்!

கூட்டம் வாசல்வரை வந்தது. கதவைச் சாத்தி வைத்திருந்தது நீ. டிவியைத் திட்டாதே.

அமெரிக்காவில் டிஸ்க் கோல்ஃப் என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. கோல்ஃப் மாதிரிதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. மரங்களுக்கு நடுவே எறிந்து எறிந்து கூடையில் சேர்க்க வேண்டும். குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயிப்பார்.

பூங்காவில் பொழுது போகாதவர்கள் தட்டு எறிகிறார்கள் என்றுதான் வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆடியவர்களுக்கோ பித்து. அந்தச் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடித்த எட் ஹெட்ரிக், 2002-இல் இறப்பதற்கு முன், தன் அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து எறிதட்டுகளாக வார்க்கச் சொன்னார். வார்த்தும் விட்டார்கள்! அப்பேர்ப்பட்ட பித்து.

பித்து உனக்கும் இருக்கிறது. பித்து மட்டும் போதுமா? அவர்களுக்கும் போதவில்லை. பல வருடங்கள் அந்த ஆட்டத்தை ஆடியவர்களைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

அதைப் படம் பிடிப்பது லேசும் இல்லை. மைதானமே ஒரு காடு. 18 கூடைகள். ஆட்டக்காரர்கள் மணிக்கணக்கில் நடக்கிறார்கள். தட்டு நூறு மீட்டர் பறந்து ஒரு மரத்துக்குப் பின்னால் போய் மறைகிறது. கேமராவை எங்கே வைப்பாய்? கேபிளை எங்கே இழுப்பாய்?

ஜோனதன் கோமஸ் என்ற இளைஞர் யூடியூப்பில் ஜோமெஸ்புரோ என்று ஒரு சேனலைத் தொடங்கினார். நேரலை என்ற வம்பே வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். எறிகிறவருக்குப் பின்னால் ஒரு கேமரா. கூடைக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. ராத்திரி முழுக்க வெட்டி ஒட்டும் வேலை. நடப்பது, குனிவது, காத்திருப்பது எல்லாம் குப்பைக்கு! எறிந்தது, பறந்தது, விழுந்தது. இவ்வளவுதான் மிச்சம். மறுநாளே யூடியூப்பில் ஏறிவிடும்.

பின்னணியில் பேசியது யார் தெரியுமா? ஜெரமி கோலிங். நேட் செக்ஸ்டன். இருவருமே அந்த ஆட்டத்தை ஆடிச் சம்பாதிக்கிறவர்கள். கோட்டுப் போட்ட வர்ணனையாளர்கள் இல்லை. இந்த மரத்துக்கு வலது பக்கமாக விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, இவர் ஏன் இந்தத் தட்டை எடுத்தார் என்று கை அறிந்ததை வாய் சொன்னது. நடுநடுவே ஒருவரை ஒருவர் கிண்டல். கேட்கிறவனுக்கு நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற சுகம்.

பணம்? ரசிகர்கள் மாதாமாதம் கொடுத்த சிறு தொகைகளும் அதில் உண்டு. பார்த்தவர்களே தாங்கினார்கள்.

வாரா வாரம் போட்டார்கள். வருடக் கணக்கில் போட்டார்கள். பார்த்தவன் ஒரு தட்டு வாங்கினான். வாங்கியவன் ஆடிப் பார்த்தான். ஆடியவன் அடுத்த வீடியோவுக்குக் காத்திருந்தான். 2021-இல் டிஸ்கிராஃப்ட் என்ற தட்டுக் கம்பெனி, பால் மெக்பெத் என்ற வீரரோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டது. எவ்வளவுக்கு? ஒரு கோடி டாலர்!

தட்டு எறிகிறவருக்கு ஒரு கோடி டாலர். உன்னால் நம்ப முடிகிறதா? டிவி கொடுத்த புகழா அது? இல்லவே இல்லை.

அதே வருடம் ஜூனில் உட்டா மாநிலத்தில் உலகச் சாம்பியன்ஷிப். கடைசிக் கூடை. ஜேம்ஸ் கான்ராட் ஒரு வீச்சு பின்தங்கி நிற்கிறார். எதிரே அதே மெக்பெத். கான்ராட் நிற்கும் இடத்திலிருந்து கூடை 75 மீட்டர் தூரத்தில். எறிந்தார். தட்டு வளைந்து வந்து சங்கிலியில் மோதி உள்ளே விழுந்தது! ஆட்டம் சமன். கூடுதல் ஆட்டத்தில் கான்ராட் சாம்பியன். இணையத்தில் பற்றிக்கொண்ட அந்த வீச்சைப் பெரிய விளையாட்டுச் சேனலும் எடுத்துக் காட்டியது.

கவனி! டிவி வந்தது. ஆனால் கடைசியில் வந்தது. கூட்டம் சேர்ந்த பிறகு வந்தது.

இப்போது உன் மைதானத்துக்கு வா.

கேரம் பலகையின் ஆடுபரப்பு எவ்வளவு? 74 சென்டிமீட்டர் சதுரம். பத்தொன்பது காய், ஒரு ஸ்ட்ரைக்கர். மொத்த மைதானமும் ஒரே போன் கேமராவுக்குள் அடங்கும்! ஓடத் தேவையில்லை. ஜூம் பண்ணத் தேவையில்லை. மேலே ஏற்கெனவே ஒரு விளக்கு தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு போனைக் கட்ட உனக்கு என்ன கேடு?

அவர்கள் காட்டையே படம் பிடித்தார்கள். நீ ஒரு பலகையைப் பிடிக்க மாட்டாயா?

"நல்ல கேமரா இல்லை." பொய்! உன் பையில் இருக்கிறது.

"நேரலை போட சேனல் இல்லை." இன்றைய விதிப்படி, போனிலிருந்து நேரலை போக யூடியூப் கேட்பது 50 சப்ஸ்கிரைபர். ஐம்பதே பேர்! உன் கிளப் ஆட்களையும் அவர்கள் வீட்டாரையும் எண்ணு. ஐம்பது தேறாதா? தேறாது என்றால் உன் அம்மாவுக்கே நீ ஆடுவது தெரியாது என்று அர்த்தம்.

ஆனால் என்னைக் கேட்டால், நேரலையில் ஆரம்பிக்காதே. சிக்னல் போகும், சத்தம் போகும், மானமும் போகும். முதலில் படம் பிடி. வெட்டு. பேசு. மறுநாள் போடு. கை பழகிய பிறகு நேரலைக்குப் போ.

பேசு என்றேனே, அங்கேதான் உனக்கு நடுக்கம். கேமரா முன்னால் கை நடுங்காது. மைக் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எனக்குப் பேச வராது. என் தமிழ் சரியில்லை."

யார் கேட்டது உன் தமிழுக்கு மார்க்? கிரிக்கெட் என்ன நம் வயலில் விளைந்ததா? வெள்ளைக்காரன் ஆட்டம் அது. டிவி எட்டாத ஊர்களில் அதைத் திண்ணைக்குக் கொண்டுவந்தது குரல்தான்! அகில இந்திய வானொலியில் அப்துல் ஜப்பார் பேசியதைக் கேட்டு, ஒரு பந்தைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் மேட்ச் பார்த்தார்கள். படமே இல்லாமல் ஓர் ஆட்டத்தைக் காட்ட முடிந்தது. உன்னிடம் படமும் இருக்கிறது. குரல் மட்டும்தான் குறை.

கேமராவைவிடக் குரல் பெரிது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குரோவேஷியாவில் அன்டோனியோ ராடிச் என்று ஒருவர். அவருடைய யூடியூப் சேனல் அகட்மேட்டர் என்றால் செஸ் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கிராண்ட்மாஸ்டரா? இல்லை. எந்தப் பட்டமும் கிடையாது. திரையில் ஒரு பலகை, ஓரத்தில் அவர் முகம், நிதானமான பேச்சு. பழைய ஆட்டங்களைக் கதையாகச் சொன்னார். பத்து லட்சத்துக்கு மேல் சப்ஸ்கிரைபர் சேர்ந்தார்கள். 2020-இல் யூடியூப்பே அந்தச் சேனலை ஒரு நாள் முடக்கியது. வெள்ளை, கறுப்பு, தாக்குதல் என்று பேசியதை இயந்திரம் தப்பாகப் புரிந்துகொண்டதோ என்று உலகமே சிரித்தது. அவர் மறுபடி வந்தார், பேசினார்.

பட்டம் இல்லாதவர் பேசுகிறார். மாவட்டச் சாம்பியன் நீ வாயை மூடிக்கொண்டு நிற்கிறாய்!

என்ன பேசுவது என்கிறாயா? உனக்குத் தெரிந்ததைப் பேசு. சிவப்பைப் போட்டதும் ஏன் எல்லாரும் மூச்சைப் பிடிக்கிறார்கள்? அடுத்து ஒரு காயைப் போட்டு கவர் எடுக்காவிட்டால் சிவப்பு மறுபடி பலகைக்கு வந்துவிடும் என்று சொல். உடைத்த முதல் முறையிலேயே ஒன்பது வெள்ளையும் சிவப்பும் உள்ளே போனால் அதற்குப் பெயர் ஒயிட் ஸ்லாம் என்று சொல். தெரியாதவனுக்குச் சொல். தெரிந்தவன் எப்படியும் பார்ப்பான்.

கபடிக்கு 2014-இல் புரோ லீக் வந்தது. பணம் இருந்தது, டிவி இருந்தது, நடிகர்கள் இருந்தார்கள். சரி. ஆனால் அதோடு நிற்கவில்லை. முப்பது விநாடிக் கடிகாரத்தைத் திரையில் ஓடவிட்டார்கள். இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது வாழ்வா சாவா என்றார்கள். கபடியே தெரியாத பாட்டிக்கும் கடிகாரம் புரிந்தது. நகம் கடித்தார். உன் ஆட்டத்தில் பாட்டி நகம் கடிக்கும் இடம் எது? உனக்குத் தெரியுமா?

தெரியாவிட்டால் முதலில் அதைத் தேடு!

இன்னொன்று கேள். சிரிக்காதே. நெதர்லாந்தில் பாக்கர் என்று இரண்டு சகோதரர்கள், யெல்லேயும் டியோனும். கோலிக்குண்டை உருட்டுகிறார்கள். ஆமாம், நாம் தெருவில் குழி தோண்டி ஆடிய அதே கோலி! அதற்கு ஒரு லீக். அணிகளுக்குப் பெயர், கொடி, புள்ளிப் பட்டியல். ஆரஞ்சு நிறக் கோலிகளுக்கு ஓ'ரேஞ்சர்ஸ் என்று பெயர். ரசிகர் மாடத்தில் உட்கார்ந்திருப்பதும் கோலிகளே. கிரெக் வுட்ஸ் என்ற அமெரிக்கர், கால்பந்து உலகக்கோப்பை மாதிரித் தொண்டை கிழியப் பேசுகிறார்.

கோடிக்கணக்கான பார்வைகள்! 2020-இல் எல்லா மைதானங்களும் பூட்டிக் கிடந்தபோது, ஜான் ஆலிவரின் டிவி நிகழ்ச்சி அந்த லீகை ஸ்பான்சர் செய்தது.

கோலிக்கு மூளை கிடையாது. பயிற்சி கிடையாது. ஊர் கிடையாது, அம்மா கிடையாது. ஆனாலும் அது தோற்றால் அழ ஆள் இருக்கிறது. ஏன்? யாரோ அதற்குப் பெயர் வைத்தார்கள். போன வாரம் என்ன ஆயிற்று என்று நினைவில் வைத்தார்கள். இந்த வாரம் யாரோடு மோதுகிறது என்று முன்கூட்டியே சொன்னார்கள்.

உன் கிளப்பில் ரத்தமும் சதையுமாக ஆட்கள் ஆடுகிறார்கள். ஒருவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்து ஆடலாம். ஒரு பெண் டியூஷன் முடிந்து ஓடி வரலாம். அவர்களின் பெயராவது உன் வீடியோவில் இருக்கிறதா? நீ எப்போதாவது போடும் வீடியோவுக்குத் தலைப்பே இல்லை! போன் வைத்த எண்ணோடு அப்படியே கிடக்கிறது. யார் ஆடுகிறார், எந்தச் சுற்று, ஸ்கோர் என்ன? ஒன்றும் கிடையாது.

ஒன்று மட்டும் முழுசாக இருக்கிறது. பொன்னாடை! சிறப்பு விருந்தினர் கார் விட்டு இறங்குவது, மாலை, குத்துவிளக்கு, வாழ்த்துரை. நாற்பது நிமிடம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. இறுதி ஆட்டம் தொடங்கும்போது போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. எத்தனை போட்டிகளில் இதே கூத்து! ஆட்டத்துக்கு வந்தவர்கள் நாம். அந்த மாலையை யார் திரும்பப் பார்க்கப் போகிறார்கள்?

ஆட்களைக் காட்டு. 2023 ஆகஸ்ட். பாகுவில் செஸ் உலகக்கோப்பை. பிரக்ஞானந்தா ஜெயித்துவிட்டுப் பேசுகிறார். தள்ளி நின்று அம்மா நாகலட்சுமி பார்க்கிறார். அந்த ஒரு புகைப்படம் நாடு முழுக்கச் சுற்றியது. குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர்கள்கூட அந்த அம்மாவுக்காக ஆட்டம் பார்க்க உட்கார்ந்தார்கள். முதலில் ஆளுக்காக வருவார்கள். ஆட்டத்துக்காகத் தங்குவார்கள்.

அப்படித் தங்கவைப்பதற்கு முன்னாலேயே ஒருவர் உழைத்திருக்க வேண்டும். சாகர் ஷா. சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் படிப்பை முடித்தவர். கணக்குப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அமிர்தா மோகலோடு சேர்ந்து செஸ்பேஸ் இந்தியாவைத் தொடங்கினார். சிறுவர்கள் ஆடும் போட்டிகளுக்கெல்லாம் கேமராவோடு போனார்கள். 2020 ஊரடங்கில் நகைச்சுவைக் கலைஞர் சமய் ரைனா யூடியூப்பில் செஸ் ஆடத் தொடங்கியபோது, சாகரும் கிராண்ட்மாஸ்டர் விதித் குஜராத்தியும் போய் உட்கார்ந்தார்கள். கிராண்ட்மாஸ்டர் காமெடியனோடு உட்காரலாமா என்று கௌரவம் பார்க்கவில்லை. புதுக் கூட்டம் ஒன்று செஸ் பக்கம் திரும்பியது.

உனக்குத்தான் கௌரவம்! உன் ஆட்டத்தைப் பற்றி யாராவது காமெடி வீடியோ போட்டால் சங்கத்திலிருந்து கண்டனக் கடிதம் போகிறது. அவரைக் கூப்பிட்டுப் பலகை முன்னால் உட்கார வையேன். தோற்கட்டும். ஊர் சிரிக்கட்டும். பார்க்கட்டும்!

குகேஷ் சின்னப் பையனாக இருந்தபோது, உலகிலேயே இளம் வயதில் உலகச் சாம்பியன் ஆகவேண்டும் என்று கேமரா முன் சொன்னான். 2024 டிசம்பர் 12. சிங்கப்பூர். டிங் லிரெனை ஏழரைக்கு ஆறரை என்று வென்றபோது வயது 18. அன்றைக்கு அந்தப் பழைய துண்டு வீடியோ உலகம் முழுக்க ஓடியது.

அந்தச் சிறுவனை யாரும் அறியாத காலத்தில் ஒருவர் பட்டனை அழுத்தினார். அதனால்தான் அது இருக்கிறது. உன் கிளப்பில் இன்று ஒரு சிறுமி ஆடுகிறாள். நாளைக்கு என்ன ஆவாள் என்று உனக்குத் தெரியுமா? அவள் பெற்றோரிடம் அனுமதி கேள். பட்டனை அழுத்து.

இனி உன் கடைசிச் சாக்கு. எனக்குத் தெரியும், அது வந்தே தீரும்.

"போட்டோம் சார். 37 பேர்தான் பார்த்தார்கள்."

வெட்கமா? கணக்குப் போடு! ஒரு கேரம் பலகையைச் சுற்றி எத்தனை பேர் நின்று காய் தெரிய ஆட்டம் பார்க்க முடியும்? பத்துப் பேர். நெருக்கினால் பதினைந்து. பின்வரிசைக்காரருக்கு முன்னே நிற்பவரின் முதுகுதான் தெரியும். மாவட்ட இறுதி ஆட்டத்தையே அவ்வளவு பேர்தான் சரியாகப் பார்க்கிறார்கள். 37 என்பது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல்!

அடுத்த வாரம் 29 ஆகும். ஆகட்டும். அதற்கடுத்த வாரம் ஒருவன் கீழே அசிங்கமாக எழுதுவான். எழுதட்டும். நாலாவது மாதம் நண்பன் கழன்றுகொள்வான். நீயே பிடித்து, நீயே வெட்டி, நீயே பேச வேண்டி வரும். காசு கொடுத்துப் பார்வை வாங்கலாமா என்று தோன்றும். கூடாது! வாங்கிய ஆயிரத்தில் ஒருவனும் ஸ்ட்ரைக்கரைத் தொட வரமாட்டான்.

திடீரென்று ஒரு வீடியோ ஓடும். லட்சம் தொடும். தலைகால் புரியாது. அடுத்ததில் மறுபடி இருநூறு. அப்போதுதான் பெரும்பாலோர் மூட்டை கட்டுகிறார்கள். லட்சம் பார்த்துவிட்டு இருநூறுக்கு இறங்குவதைத் தாங்க ஒரு தெம்பு வேண்டும். தோல்வி உனக்குப் புதிதா என்ன? மூன்று காய் மிச்சம் இருக்கும்போது போர்டைக் கோட்டைவிட்டு, மறுநாள் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன்தானே நீ! அந்த முரட்டுத்தனத்தை இங்கேயும் காட்டு.

சிலம்பக்காரரே, உங்களுக்கும்தான். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்ந்தது. அடுத்து என்ன செய்தீர்கள்? கம்பு சுற்றுவதைப் பாட்டுப் போட்டு அரை நிமிடம் ஓட்டினால் போதுமா? எந்த அடிக்கு எத்தனை புள்ளி என்று யார் சொல்வது?

சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் கிளப்பில் ஆட்டம் எத்தனை மணிக்கு? விளக்குக்குப் பக்கத்தில் போனைக் கட்டக் கயிறு இருக்கிறதா? சார்ஜர் யார் எடுத்து வருகிறார்கள்? ஆடுகிற நாலு பேரின் பெயரையும் ஊரையும் தப்பில்லாமல் எழுதிக்கொண்டாயா?

யார் பேசப் போவது?

சுற்றிப் பார்க்காதே. உன்னைத்தான் கேட்கிறேன்!